நூற்று நாற்பத்து மூன்று வலது கால்கள்

ஈரோட்டிலிருந்து நரம்பியல் மருத்துவர் ராக்கியண்ணன் அனுப்பிய கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. அதனாலேயே அம்சவேணி அதை இரண்டாம் முறை படித்தாள். திட்டி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதி அவளுக்கு இருபது வருடப் பழக்கம் உண்டு. இவர் மரியாதையாகச் சந்தேகம் கேட்டிருந்தார்.

ஆறு மாதத்தில் பதினொரு பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் வலது காலில் ஒரே மாதிரி இழுப்பு. பாதம் தரையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கணம் தயங்குகிறது. பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் ஆரம்பிக்கும்போது சிலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்குமாம். ஏழு பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகுதான் கவனித்தாராம், அத்தனை பேருடைய வலது முழங்காலிலும் அம்சவேணியின் ஆராய்ச்சி மையம் செய்த மூட்டு இருந்தது. 'இது தற்செயல்தானா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்' என்று முடித்து, பதினொரு பேர் நடப்பதையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

அம்சவேணி படத்தை ஓடவிட்டாள். முதலில் ஒரு கீரைக்கார அம்மாள் நடந்தாள். அடுத்து ஒல்லியாக ஒரு பள்ளி ஆசிரியர். மூன்றாவதாக ஒரு ஜவுளிக்கடைக்காரர் தொந்தியோடு நடந்து வந்தபோது அவள் கை தானாகப் போய்ப் படத்தை நிறுத்தியது. அந்த நடையை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் தினமும் காலை ஒன்பதேகாலுக்குப் பார்த்த நடை அது. கட்டிய கணவனின் நடையைக்கூட அவள் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. அது சூசைநாதனின் நடை.

சூசைநாதன் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளின் புழுதிக்கு நடுவே இருந்தது அந்த மையம். இயற்பியல்காரர்கள் மாடியில், உலோகக்காரர்களும் இயந்திரக்காரர்களும் தரைத்தளத்தில், எலும்பு மருத்துவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலே பத்து வருடம் சேர்ந்து வேலை செய்து, ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டார்கள். பழகக்கூடிய ஓர் உலோகத்தைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணச் செயற்கை மூட்டு மடங்கும், நிமிரும், அவ்வளவுதான். இது, புதுச்செருப்பு காலுக்குப் பழகுவதுபோல, தன்மேல் திரும்பத் திரும்ப விழும் பாரத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப விறைப்பும் தளர்வும் கொள்ளும்.

ஆனால் உருக்கி எடுத்தவுடன் அது கல்லாக இருந்தது. உடம்பில் வைப்பதற்கு முன்னால் நடை என்றால் என்னவென்று அதற்கு யாராவது காட்டித்தர வேண்டும். அதற்காக ஓர் இயந்திரம் செய்தார்கள். ஒரே காலில் இருபத்து நான்கு மணி நேரமும் நடந்துகொண்டே இருக்கும். எல்லோரும் அதைக் கொக்கு என்று கூப்பிட்டார்கள். செய்தது வலது கால் கொக்கு என்பதால் முதல் கட்டச் சோதனைக்கு வந்த நோயாளிகள் எல்லோருக்கும் வலது மூட்டு மட்டுமே மாற்றினார்கள்.

கொக்குக்கு யாருடைய நடையைக் கொடுப்பது? விதிப்படி முப்பது தன்னார்வலர்களை நடக்கவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழு கூடி அனுமதி தர வேண்டும். குழு கூடவில்லை. ஒரு மாதம் தலைவர் வெளிநாட்டில், மறுமாதம் உறுப்பினர் வீட்டுக் கல்யாணம், அதற்கடுத்த மாதம் கூடி, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துக் கலைந்தார்கள்.

"அதுவரைக்கும் என்ர நடையப் போட்டு வெய்யுங்க மேடம்" என்றார் சூசைநாதன். பம்பு கம்பெனியில் பிட்டராக இருந்துவிட்டு மையத்துக்கு வந்த டெக்னீஷியன். ஐம்பத்து நான்கு வயது. கொக்கின் பாதி உறுப்புகளை அவர்தான் கடைந்து கொடுத்தார். அம்சவேணி அவரைச் சூசையண்ணா என்பாள்.

கால்களில் ஒளிரும் வில்லைகளைப் பொட்டுப்பொட்டாக ஒட்டிக்கொண்டு பன்னிரண்டு மீட்டர் பாதையில் அவர் நடப்பார். கேமராக்கள் பார்க்கும். கோப்புக்கு 'தற்காலிகம்' என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் 'அதுவரைக்கும்' என்று சொல்லி வைத்த எதையும் யாரும் பிறகு மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அனுமதி வந்தபோது முடிவுகள் நன்றாக வந்துகொண்டிருந்தன. நடையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "நல்லா ஓடறத எதுக்கு நிறுத்தணும்?" என்றார் டைரக்டர் குலசேகரன். யாரும் நிறுத்தவில்லை.

இவ்வளவும் மையத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அம்சவேணிக்கு மட்டும் தெரிந்த கதை ஒன்று மிச்சம் இருந்தது.

பத்தாவது மாதம் ஒரு நாள் வரைபடத்தில் வலது பாதம் கிளம்பும் இடத்தில் கோடு ஒரு கணம் மடங்கி நிமிர்வதுபோல ஒரு சின்னச் சிணுக்கம் தெரிந்தது. பொட்டு சரியாக ஒட்டவில்லை என்று நினைத்தாள். மாற்றி ஒட்டினாள். மறுநாளும் இருந்தது. கேமராவைத் துடைத்தாள். அப்போதும் இருந்தது. அளவீடுகளில் இப்படி வேண்டாத சலசலப்பு கலப்பது வழக்கம்தான், இரைச்சல் என்பார்கள். அதைச் சலித்து எடுக்கக் கணினியில் வழி உண்டு. கட்டுரை அனுப்பக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சலித்தாள். வரைபடம் வழவழவென்று அழகாக வந்தது. கட்டுரைக்குச் சலித்த கோப்பு போயிற்று. கொக்குக்கு மட்டும் சலிக்காத கோப்பு, ஏனென்றால் சலித்ததைக் கொடுத்தால் பொம்மை நடப்பதுபோல இருக்கிறது என்று சூசைநாதனே சிரித்தார்.

ஐந்தடி தூரத்தில் நின்ற மனிதரிடம், அண்ணா, உங்களுக்குக் கால் ஏதாவது செய்கிறதா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து அவர் நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர் வைத்தார்கள். ஆறு மாதத்தில், பேருந்திலிருந்து இறங்கும்போது வலது கால் படியில் சிக்கி, பின்மண்டை அடிபட விழுந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் உறவுக்கார டாக்டர் ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும், அப்பவே மாத்திரை எடுத்திருந்தா இப்படி விழுந்திருக்க மாட்டாரு என்று. அம்சவேணி கையிலிருந்த பூவைப் போட மறந்து வீடு வரை கொண்டுவந்துவிட்டாள்.

கடிதம் வந்த மறுநாள் அவள் டைரக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உடம்புக்குள்ள போனா மெட்டல் பழச மறந்து புதுசா கத்துக்கும்னுதானே சொன்னீங்க?" என்றார் குலசேகரன்.

"அப்படித்தான் எழுதினோம் சார். வயசானவங்க உடம்பு. ஆபரேஷன் முடிஞ்சு மெதுவா அடியெடுத்து வைக்கறாங்க. மெட்டலுக்குக் கத்துக்கற அளவுக்கு அவங்க பலமா நடக்கல. மெட்டல் எப்படி மடங்குதோ அப்படியே இவங்க போயிட்டாங்க. அது இவங்ககிட்ட கத்துக்கல. இவங்க அதுகிட்ட கத்துக்கிட்டாங்க."

"சூசைநாதன் நடைய."

"சூசையண்ணா நோய. நோய் இல்ல, நோயோட நடைய."

குலசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். "எத்தன பேர்?"

"நூத்து நாப்பத்து மூணு."

"அழிக்க முடியுமா?"

"முடியும். முழங்காலச் சுத்தி காயில் வெச்சு மெட்டல மட்டும் நாப்பத்து நாலு டிகிரிக்குச் சூடு பண்ணணும். இருபது நிமிஷம். உடம்பு தாங்கும். மெட்டல் மறந்துரும். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் வெச்சு நல்லா நடக்க வைக்கணும்."

"அப்ப வருடாந்திரப் பராமரிப்புன்னு சொல்லிக் கூப்பிடுவோம்."

"அதுல ஒரு டீச்சர் வேலைய விட்டுட்டாரு சார், இனி முடியாதுன்னு. ஏழு பேர் இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. உங்களுக்கு அந்த நோய் இல்லைன்னு நாம எழுத்துல சொல்லணும். சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அவள் குரல் அப்படி உயர்ந்து அவரே கேட்டதில்லை. கடிதத்தை அவளையே எழுதச் சொல்லிவிட்டார். அவளும் எழுதினாள். பணியாளர் ஒருவரின் நடையை நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றிப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டாள். 'உங்களுக்கு நடுக்குவாதம் இல்லை. மூட்டில் ஏற்பட்ட கோளாறு மட்டுமே' என்று எழுதினாள். சிணுக்கத்தைத் தான் முன்பே பார்த்ததையும் சலித்ததையும் எழுதவில்லை. அது நோயாளிகளுக்குத் தேவையில்லாதது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. ஆனால் அது தேவைப்படும் ஆள் ஒருத்தி போத்தனூரில் இருந்தாள்.

அந்த வாரம் அவளே மையத்துக்கு வந்து நின்றாள். சூசைநாதனின் மனைவி பிலோமினா. வெளிர்நீலச் சேலை, கையில் துணிப்பை. வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங் மேடம், ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தாள் பிலோமினா. "ஒரு மாசமா சாயங்காலம் அஞ்சரைக்கு எங்க வூட்டு முன்னால அவுரு செருப்புச் சத்தம் கேக்குதுங். அவுரு வேல முடிஞ்சு வாற நேரம். மொத நாளு அடுப்ப அப்படியே போட்டுட்டு வாசலுக்கு ஓடியாந்துட்டேன். பாத்தா வேற யாரோ பெரியவர் போறாரு. அடுத்த நாளும் அதே சத்தம். பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்து போயிட்டனுங். நாலாம் நாளு அவரையே நிறுத்திக் கேட்டுப்போட்டேன். ரிட்டயர்டு தபால்காரராம். திருமூர்த்தின்னு பேரு. முழங்காலு ஆபரேசனுன்னு காட்டி, இங்க பண்ணுனதுன்னு சொன்னாரு." பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "என்ர வூட்டுக்காரர் நடைய ஆருக்காச்சும் குடுத்துருக்கீங்களா?"

அம்சவேணி எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கு, தற்காலிகம், நூற்று நாற்பத்து மூன்று பேர். பிலோமினா இடையிடையே தலையாட்டினாள். சிணுக்கத்தின் இடம் வந்தபோது அம்சவேணியின் வாய் திறந்தது. "அக்கா, அந்த நோய் அவருக்கு..." என்று தொடங்கி, "பதிவு பண்ணும்போதே கொஞ்சம் இருந்திருக்கும்போல" என்று முடித்துவிட்டாள். பார்த்தேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. தன்னை அவள் அந்தக் கணத்தில் வெறுத்தாள்.

"இப்ப அழிக்கப் போறீங்களாக்கும்?"

"ஆமாங்க்கா. உங்களுக்கு வருத்தமா இருந்தா..."

"அழிச்சிருங்க. அந்த நடையோட அவுரு பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்னொருத்தரு படவேண்டாம்." எழுந்துகொண்டாள். "அந்தப் பெரியவரு தனியாத்தான் இருக்காரு. மகன் ஓசூர்ல. நானே கூட்டியாறனுங்."

சூடுபடுத்தும் வேலை மூன்று நாள் நடந்தது. முதல் நாள் காலை எட்டு மணிக்கு அம்சவேணி அறைக்குள் மூன்று காயில்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நடைக்கூடத்தில் செருப்புகள் வரத் தொடங்கின. ஆணும் பெண்ணும், கனத்தவர்களும் மெலிந்தவர்களும். ஒவ்வொரு இரண்டாவது அடியிலும் அந்தச் சின்னத் தயக்கம், பிறகு செருப்பு தரையில் தேயும் ஓர் இழுப்பு. நாற்பத்தாறு சூசைநாதன்கள் நடந்து வந்து கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவைத் திறக்க அவளுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

மும்மூன்று பேராக உள்ளே வந்து படுத்தார்கள். இருபது நிமிடம். இறங்கி நடந்தபோது தள்ளாடினார்கள், கைப்பிடியைப் பிடித்தார்கள், ஆனால் அது அவரவர் தள்ளாட்டம். கீரைக்கார அம்மாள் நாலடி நடந்துவிட்டு, "இப்பத்தான் என்ர காலு மாதிரி இருக்குது கண்ணு" என்று கன்னத்தைத் தடவினாள். எல்லோருக்கும் சந்தோஷம். அம்சவேணிக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அன்று மாலைக்குள் அந்த மனிதர் அவள் கண்ணெதிரே நாற்பத்தாறு தடவை செத்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனாள்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. அதே பன்னிரண்டு மீட்டர் பாதை, அதே பொட்டுகள். நூற்று நாற்பத்திரண்டு பேர் நடந்து முடித்தார்கள். ஒருவரிடமும் சிணுக்கம் இல்லை. வேலையை விட்ட ஆசிரியர் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை போக வேண்டும்.

கடைசி ஆளாகத் திருமூர்த்தி வந்தார். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் வழி கண்டுபிடித்துத் தபால் கொடுத்த மனிதருக்குப் பிலோமினா வழித்துணை. அவள் சுவரோரம் நின்றுகொண்டாள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டி, பொட்டுகளை ஒட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு நடந்தார்.

"இப்ப காலு லேசா இருக்குதுங். நீங்க எழுதுன லெட்டரப் பத்திரமா வெச்சிருக்கறேன். அந்த நடுக்குவாதமா இருக்குமோன்னு பயந்துட்டே இருந்தேன், நரம்பு டாக்டரப் பாக்க நாளுகூடக் குறிச்சு வெச்சிருந்தேன். உங்க லெட்டரு வந்ததும் போகவே இல்ல" என்றார்.

அம்சவேணி திரையைப் பார்த்தாள். வலது பாதம் கிளம்பும் இடத்தில் ஒரு சிணுக்கம். மிகச் சின்னது. முன்பு இருந்ததில் கால் பங்குகூட இராது.

மிச்சம், என்று நினைத்தாள். உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய நினைவு. இன்னொரு முறை சூடுபடுத்தினால் போய்விடும், நாளாக ஆக அதுவாகவே போனாலும் போகும். ஒருவருக்கு மட்டும் சரியாகவில்லை என்று எழுதினால் குழு ஆயிரம் கேள்வி கேட்கும். சலித்துவிட்டுப் பார்த்தால் வரைபடம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதில் தப்பில்லை. விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது.

"மேடம்." பிலோமினா எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெரியவரு காலப் பாக்காதீங்க. கையப் பாருங்."

கேமராவுக்குக் காலில் ஒட்டிய பொட்டுகள் மட்டுமே தெரியும். இடுப்புக்கு மேலே மனிதன் என்ன செய்கிறான் என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை. அம்சவேணியும் பார்த்ததில்லை. இப்போது திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெரியவர் பாதையின் கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். இடது கை முன்னும் பின்னும் வீசியது. வலது கை விலாவோடு ஒட்டி, யாருடையதோ போல அசையாமல் வந்தது.

மூட்டு முழங்காலில் இருக்கிறது. கையை அது ஒன்றும் செய்ய முடியாது.

"காலு சரியானதும் நானும் சந்தோசப்பட்டேன். பத்து நாளா இந்தக் கையப் பாத்துட்டு இருக்கறனுங்" என்றாள் பிலோமினா. "என்ர வூட்டுக்காரருக்கும் மொதல்ல கை வீச்சுதானுங் நின்னுச்சு. காலெல்லாம் அப்புறம். வாங்க, டாக்டர்கிட்டப் போலாம்னு நான் எத்தன தடவ கூப்புட்டிருப்பேன். வரவே மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?" என்றாள் அம்சவேணி. கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட பிறகு தோன்றியது.

"மேடம் தெனமும் என்ர நடையக் கம்ப்யூட்டர்ல பாக்கறாங்க, நூல் பெசகுனாக்கூட அவுங்களுக்குத் தெரியும், ஏதாச்சும் இருந்தா சொல்லாம இருப்பாங்களா அப்படீம்பாரு. நீங்க ஒண்ணும் சொல்லாததுனால ஒண்ணுமில்லைன்னே நெனச்சுட்டாருங்."

அவள் குரலில் கோபம் இல்லை. பழியும் இல்லை. இத்தனை நாளாகத் தெரிந்து வைத்திருந்ததை, இப்போது தேவைப்பட்டதால் எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். அம்சவேணியின் கண்ணில் நீர் முட்டித் திரை கலங்கியது.

"நான் பார்த்தேன் அக்கா" என்றாள். "பார்த்துட்டுச் சொல்லலை."

பிலோமினா திரும்பிப் பாதையைப் பார்த்தாள். பாதையின் இந்தக் கோடிக்கு வந்துவிட்ட திருமூர்த்தி, பரீட்சை எழுதிய பிள்ளைபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவுருகிட்டயாச்சும் சொல்லீருங்க" என்றாள் பிலோமினா.

அம்சவேணி பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப்போய்ப் பெரியவர் பக்கத்தில் போட்டாள். "உக்காருங்க ஐயா" என்றாள். "அந்த லெட்டர்ல நான் ஒண்ணு தப்பா எழுதிட்டேன்."